பொறகால சீட்

தொண்ணூற்றி நாலில் மாமனார் எடுத்த கமாண்டர் ஜீப்.
காட்டைப் பிரித்தாயிற்று.
கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்தாயிற்று.
போர் போடும் ரிக் வண்டிகள் இரண்டில்
ஒன்று ஒடிசாவில், ஒன்று சத்தீஸ்கரில்,
ஒன்றில் என் வீட்டுக்காரர், ஒன்றில் அவர் தம்பி.
ஜீப்பை எந்த இடத்தில் அறுப்பது?
ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் செத்தவர் பேர்தான்.

திருச்செங்கோட்டுக்கு இந்தப் பக்கம்
ஆம்பளைகள் பத்து மாசம் ஊரில் இருப்பதில்லை.
அப்படித்தான் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது.

பின்னால் ரெண்டு பெஞ்சு, எதிரெதிராக.
என் பிள்ளைகளின் முட்டியும்
கலாமணியின் பிள்ளைகளின் முட்டியும்
பள்ளத்துக்குப் பள்ளம் இடித்துக்கொள்ளும்.
எங்களுக்குள் பழமை நின்று போய் ரெண்டரை வருசம்.
முட்டிகள் நிறுத்தவில்லை.

அவளுடைய சின்னது, இலக்கியா,
பக்கவாட்டில் உட்கார்ந்தால் வாந்தி எடுக்கும்.
போன ஆடிக்குப் பவானி போய்ச் சேருவதற்குள்
மூன்று பாவாடை.
யாரும் என்னிடம் கேட்கவில்லை.
நானாகத்தான் சங்ககிரிக்குப் போனேன்.

நொறுங்கிய இனோவா ஒன்றின் பின் சீட்டு,
சாம்பல் நிறம், பெல்ட்டு மூன்று,
எட்டாயிரத்தி ஐந்நூறு.
எப்படி நொறுங்கியது என்று கடைக்காரர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
வீட்டில் வெயிலில் போட்டு
ரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.
மடிப்புக்குள் கைவிட்டால்
நிலக்கடலைத் தோல்,
பால் புட்டி மூடி,
ஒரு கொலுசுத் திருகு.
மூடியை வீசிவிட்டேன்.
திருகை ஏனோ வீசவில்லை.

பழைய பெஞ்சைக் கழற்றி ஆளுக்கொன்று.
இதிலாவது வக்கீல் வேண்டியதில்லை.

சீட்டுக்குக் கால் நான்கு, ஜீப்பில் துளை ஆறு,
ஒன்றுக்கொன்று சேரவில்லை.
சக்கரத்துக்கு மேலிருக்கும் மேடு
குறுக்கே நின்று முட்டியது.
பட்டறைக்காரர் ஆங்கிள் வெட்டிக் கொடுத்துவிட்டு,
"நோம்பி கழிச்சு வாங்க, மாட்டித் தாரேன்" என்றார்.
பதினெட்டுக்கு இன்னும் மூணே நாள்.

ட்ரில்லை வாங்கி வந்து நானே போட்டேன்.
உரச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.
நட்டைத் திருகினால் மேலே போல்ட்டும் சுற்றுகிறது.
வெளியே வந்து, மேலேறிப் பிடித்தால்
கீழே திருக ஆளில்லை.
இப்படியே ஏறி இறங்கி நாலு தடவை.
கண்ணில் துரு.
ஐந்தாவது தடவை படுத்திருக்கிறேன்,
பிளேட் ஸ்பிரிங் ஒரு விரற்கடை இறங்கியது.
யாரோ ஏறியிருக்கிறார்கள்.
துளை வழியாக ஒரு பொட்டுக்
கரும்பச்சைச் சேலை.

"பதினேழா, பத்தொம்பதா?"

"பதினேழு."

சாவிகளைத் துழாவும் சத்தம்.

"புடிச்சுட்டேன். திருகுங்கக்கா."

அவ்வளவுதான் பேச்சு.
அடுத்த துளைக்கு "ம்" என்றாள்.
அதற்கடுத்ததற்கு அதுவும் இல்லை,
போல்ட்டு ஆடாமல் நின்றதில் தெரிந்துகொண்டேன்.

பதினெட்டு அன்னைக்கு எல்லாரும் ஒட்டுக்கா ஏறினோம்.
மூன்று பெல்ட்டு, பொறகால ஐந்து பேர்.
முளைப்பாரித் தட்டு யார் மடியில் என்று சண்டை.
முன்பெல்லாம் கண்ணாடியில் எனக்குக் கிடைப்பது
கலாமணியின் ஒரு காது,
அதில் ஆடும் தோடு.
இப்போது எல்லாரும் முன்னால் பார்க்கிறார்கள்,
முழு முகமும் வந்து நிற்கிறது கண்ணாடியில்.
கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது.
எனக்குத் தெரியாது.
குமாரபாளையம் பாலத்தில் அவளும் பார்த்தாள்.
எதிரே லாரி வந்ததால்
நான்தான் முதலில் கண்ணை எடுத்தேன்.

இலக்கியா வாந்தி எடுக்கவில்லை.
என் மகன் எடுத்தான்.
புது மெத்தையில், நடுவில்,
"போச்சாது உடுங்க" என்று கலாமணி
கரும்பச்சை முந்தானையால் துடைத்தாள்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு போல்ட்டு மிச்சம்.
எந்தத் துளையை விட்டோம் என்று
அவள் டார்ச் அடிக்க நான் குனிந்து தேடினேன்.
எல்லாம் நிறைந்துதான் இருந்தது.

அது டேஷ்போர்டில் கிடக்கிறது,
கொலுசுத் திருகோடு.
வளைவுக்கு வளைவு
ரெண்டும் அக்கட்டால் உருண்டு
இக்கட்டால் வருகின்றன.