இருபது தெத்ரி

டாக்டர் மாகா பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்:
"நடங்கள்."
எங்கே என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

இருபத்தாறு வருஷமாய் மினிபஸ் ஓட்டுகிறேன்.
திபிலிசியின் மேடுபள்ளம் அத்தனையும்
என் வலதுகாலுக்குத் தெரியும்.
இடதுகாலுக்குக் கிளட்ச் தெரியும்.
இரண்டும் சேர்ந்து எங்காவது போனதாய்
எனக்கு ஞாபகமில்லை.

க்ல்தானியில், எட்டாவது மாடியில் வீடு.
லிஃப்டுக்குள் ஓர் இரும்புப் பெட்டி.
இருபது தெத்ரி போட்டால் ஏற்றும்,
போடாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

இர்மா காலணி வாங்கிவந்தாள். ஆரஞ்சு நிறம்.
பார்த்தாலே மூச்சு வாங்கியது.
பால்கனியில், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில்,
நவம்பர் முழுக்க அவை காத்திருந்தன,
கடன் கொடுத்தவன் காத்திருப்பதுபோல.

பூங்காவில் ஓடுகிறவர்களைக் கண்டால்
எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்:
பின்னால் யாரும் துரத்தவில்லையே?

ஒரு திங்கட்கிழமை
(பொய் எதற்கு, செவ்வாய்;
திங்களன்று தொடங்குவதாகத்தான் இருந்தேன்)
ஒரே ஒரு மாடி ஏறினேன்.
பதினெட்டுப் படி.
பிறகு பொத்தானை அழுத்தி, காசு போட்டு,
மிச்சத்துக்கு லிஃப்டில் போனேன்.
அதே இருபது தெத்ரி.
ஒரு மாடி மிச்சப்படுத்திக் கொடுத்தேனே என்று
அது ஒரு தெத்ரியும் குறைக்கவில்லை.

"இதற்குப் பேர் உடற்பயிற்சியா, நுக்சார்?" என்றான்
எதிர்வீட்டு வாஜா.
பேர் வைக்கவில்லை என்றேன்.

ஒன்பது நாள் அந்த ஒரு மாடிதான்.
பத்தாம் நாள் போனில்
டயர்க்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.
நிமிர்ந்து பார்த்தால் இரண்டாம் மாடி.
கால்கள் என்னைக் கேட்கவில்லை.
ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
சொந்த வீட்டில் பிடிபட்ட திருடன்போல.

மூன்றாம் மாடியில் லமாரா வால்நட் வறுக்கிறாள்.
நான்காம் மாடியில் ஒரு குழந்தையின் பியானோ,
தினமும் அதே இடத்தில் அதே தப்பு.
ஐந்தில் சக்கரமில்லாத ஒரு சைக்கிள்.
பதினான்கு வருஷம்
இவர்கள் எல்லோருக்கும் நடுவே
நட்டக்குத்தலாய்ப் போய்வந்திருக்கிறேன்,
ஒரு தகரச் சுவரைப் பார்த்தபடி.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
நெஞ்சு என்னைத் திட்டும்.
மினிபஸ்ஸில்கூட யாரும் அப்படித் திட்டியதில்லை.

புத்தாண்டு வந்தது.
பதின்மூன்று நாள் கழித்துப் பழைய புத்தாண்டும் வந்தது;
எங்களுக்கு இரண்டு.
வால்நட் குழம்பில் வான்கோழி, பாலாடை ரொட்டி,
இறந்தவர்களுக்கு ஒரு கோப்பை, பிறக்காதவர்களுக்கு ஒரு கோப்பை.
பதினாறு நாள் படிப்பக்கம் தலைவைக்கவில்லை.
வழக்கமாய் நான் தலைமுழுகுகிற இடம் இது.
சிகரெட்டை விட்டதும், ஆங்கிலம் படித்ததும்
இந்த இடத்தில்தான் முடிந்தன.

பதினேழாம் நாள் இரவு
லிஃப்டுக்குள் நின்று பையைத் துழாவினேன்.
ஓர் ஐந்து லாரி நோட்டு.
இரும்புப் பெட்டிக்கு நோட்டு தெரியாது.
ஏறினேன்.
மன உறுதி என்று யாரும் சொல்லவேண்டாம்,
சில்லறை இல்லை, அவ்வளவுதான்.
ஆறாம் மாடியில் உட்கார்ந்தேன்.
ஏழாம் மாடியில் மறுபடி உட்கார்ந்தேன்.
எட்டில் இர்மா கதவைத் திறந்து,
"பெட்ரோல் வாசம் வருது, போய்க் குளிங்க" என்றாள்.
வேறொன்றும் நடக்கவில்லை.

மறுநாளிலிருந்து வண்டியை நிறுத்தியதும்
சில்லறையையெல்லாம் வண்டியிலேயே பூட்டிவிடுகிறேன்,
ஒரு இருபதைத் தவிர.
அது மோசமான நாளுக்கு.

ஆரஞ்சுக் காலணி இன்னும் பால்கனியில்தான்.
ஒன்றில் இர்மா பூண்டு போட்டுவைத்திருக்கிறாள்.

இன்று காலையிலிருந்து ஆலங்கட்டி மழை.
பதின்மூன்று மணி நேரம் ஸ்டீயரிங்.
ஆறாம் மாடியில் அந்த இருபதைப் போட்டுவிட்டேன்.
லிஃப்ட் முனகிக்கொண்டே
இரண்டு மாடிக்கு என்னைச் சுமந்தது.
அதனிடம் எனக்குக் கோபமில்லை.

நாளைக்கு இன்னொரு இருபது எடுத்துவைக்க வேண்டும்,
மறக்காமல்.