மூன்றாம் மாடிக் கதவு

யீஷூன் புளோக்கை நான் வரைந்தேன்,
கம்பில் காயும் சட்டைவரை.
வசனம் பூங்கோதை, ஜூரோங்கில்
இரவு வேலை முடித்து எழுதுவாள்.
புதிர்கள் இர்ஃபான்.
மூவரும் நேரில் பார்த்ததில்லை.

செவ்வாயன்று தேசிய சேவைக்கு
இர்ஃபான் தெக்கோங் போய்விட்டான்,
தலைமுடியைப் பறிகொடுக்க,
கதவின் சாவி எங்கே என்று சொல்லாமல்.

சுத்தியலால் தட்டினோம்.
"வேண்டாமே" என்றது ஆட்டம்.
குடையால் நெம்பினோம்.
"வேண்டாமே."
எழுதியவள் பூங்கோதைதான்;
அவளுக்கே எரிச்சல்.

விடிகாலை மூன்றுக்கு
கீழ்த்தளப் பூனைக்கு, சும்மாதான்,
ஒரு நெத்திலியை இழுத்துப் போட்டேன்.
தின்றது. இருமியது. சாவி விழுந்தது.
திரையில்
நாங்கள் எழுதாத ஒரு வரி:
"இவ்வளவு நாளா பட்டினி போட்டீங்க?"

சாவியைத் தொடாமல்
பூங்கோதையை எழுப்பினேன்.