கடற்காற்றுக்கு முன்

பத்தரைக்குள் முடித்துவிட வேண்டும்.
அதற்குமேல் கடற்காற்று கிளம்பி
மணலியைத் தாண்டும்போது
ஆலைகளின் மூச்சையும் சேர்த்துத் தூக்கிவரும்.
பிறகு எந்தப் பழத்தைக் கடித்தாலும்
லேசாகத் தார் ருசிக்கும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மாதவரத்தில், லாரிகள் ஒதுங்கும் திடலுக்குப் பின்னால்
தகரக் கூரைக்கடியில் ஒரு குளிர் அறை.
ஆறு ரக ஸ்ட்ராபெரி.
இன்னும் பெயர் வைக்கவில்லை, எண்தான்.
நேற்று மதியம் கோத்தகிரியில் பறித்து
சேலத்துப் பாலங்களிலும் வாலாஜா சுங்கச்சாவடியிலும்
இரவெல்லாம் குலுங்கி
விடிகாலை நாலேகாலுக்கு இறங்கியவை.

நான் முதலில் பார்ப்பது பழத்தை அல்ல,
பெட்டியின் அடியை.
அங்கே சிவப்பு ஈரம் இருந்தால்
ஏதோ ஒரு வேகத்தடையில்
அந்த ரகம் தோற்றிருக்கிறது என்று அர்த்தம்.

நாலாம் எண்: அடி காய்ந்திருக்கிறது.
அழுத்தமானியின் முனையை எதிர்த்துத் தள்ளுகிறது தோல்.
சர்க்கரை ஆறு.
பதினொன்று: நல்ல நிறம், காம்போரம் வெளுத்த தோள்.
பதினேழு:
மூடியைத் தூக்கியதும்
டீசல் வாசம் சட்டென்று விலகி வழிவிட்டது.
சர்க்கரை பதினொன்றரை.
நம்பாமல் கண்ணாடியைத் துடைத்து
வெளிச்சத்துக்குக் காட்டி மறுபடி பார்த்தேன்,
பதினொன்றரையேதான்.
நூற்றுக்கு முப்பத்தெட்டு நசுங்கல்.

ருசி பார்க்க ஆறு பேர்,
சுமை இறக்குகிறவர்களும் தரை கூட்டுகிறவர்களும்.
ஒவ்வொரு பழத்துக்கும் நடுவே
ஒரு வாய் தண்ணீர், நாலு பொரி.
ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மதிப்பெண்.

எட்டியப்பன் நாலாம் எண்ணை மென்றுவிட்டு
‘தண்ணிக்குச் சாயம் அடிச்ச மாதிரி கீது’ என்றான்.
அதை மூன்று என்று எழுதிக்கொண்டேன்.
சகாயராணி எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டாள்.
ஐந்து போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்
என்று அவளுக்குத் தெரியும்.

கன்னியம்மா பதினேழுக்கு ஒன்பது போட்டாள்.
போட்டுவிட்டு, ‘கிலோ இன்னா வெல?’
சொன்னேன்.
பேனாவைத் திருப்பி வாங்கினாள்.
ஒன்பதை அடித்து நாலு.

‘ருசிக்குத்தான்மா மார்க்கு, விலைக்கு இல்ல.’
‘ருசிக்கு ஒம்போதுதான் போட்டேன்.
அப்பறம் வெலய சொல்ட்ட இல்ல?
இப்போ நாலாத்தான் கீது.’

அடித்தல் திருத்தல் செல்லாது என்று
படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிறது.
அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல்
பொரிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன்.

பத்து மணிக்குப் போஜராஜன் பேசினார்.
நாற்பதாயிரம் நாற்று, நாளைக்குள் முன்பணம்.
ருசியைப் பற்றி அவர் கேட்கவில்லை.
போன தை மாதம் ஒரு முழு லோடை
கோயம்பேட்டு வாசலில் கொட்டிவிட்டு வந்தவர்.
‘வண்டி தாங்குமா, அதை மட்டும் சொல்லுங்க.’
‘நாலு தாங்கும்’ என்றேன்.
‘மத்தது?’
‘பதினேழை ஒற்றை அடுக்கா, தாழ்ந்த பெட்டியில
இன்னொரு தடவை அனுப்பிப் பாருங்க.’
‘பெட்டிச் செலவு யார் தருவா?’
அந்தப் பக்கம் மழையில் ஒரு நாய் குரைத்தது.
இந்தப் பக்கம் ஒரு லாரி பின்னால் வந்தது, பீப் பீப்.
இருவருமே வைத்துவிட்டோம்.

பத்து நாற்பது.
காற்று வந்துவிட்டது.
ஜன்னல் தாள்கள் மேற்கே புரண்டன.

மிச்சத்தை எடை போட்டு அழிக்க வேண்டும்,
அது விதி.
ரகத்துக்கு ஒரு வாளி. டில்லிபாபு தூக்கி வைக்க
நான் எழுதினேன்.
நாலாம் எண் மூன்று கிலோ நூறு,
இருக்கவேண்டியதும் அதே, ஒரு கிராம் பிசகில்லை.
பதினேழு, ஒரு கிலோ அறுநூறு.
இருக்கவேண்டியது இரண்டு தொள்ளாயிரம்.

தராசை ஒருமுறை தட்டினேன்.
டில்லிபாபு கூரையைப் பார்த்தான்.
அவன் மீசையோரம் ஒரு விதை ஒட்டியிருந்தது,
எள்ளைவிடச் சின்னது.

குறைவுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
‘ஈரம் வற்றியது’ என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.