முப்பத்தேழாம் பக்கத்து அச்சுப்பிழை

சிம்மக்கல்லில்
ஆஃப்செட் மெஷின் அதிரும் மாடியில்
எனக்கு இரண்டு வேலை.
பலூன்களுக்குள் தமிழ் எழுதுவது.
அவளுக்கு உடுத்திவிடுவது.

கடல் கடந்து வரும் ஃபிலிமில்
அவள் எப்போதும் பாதி கிழிந்தே வந்திறங்குவாள்.
சைபர் நம்பர் பிரஷ், ஒரு சொட்டு கறுப்பு இங்க்.
பாவாடையை இறக்கு, முதுகை மூடு,
கழுத்தை ஏத்து என்பார் துளசிராம் சார்.
‘குடும்பத்தில வச்சுப் படிக்கிற புஸ்தகம்மா.’
அட்டைக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது.
அட்டை, பெட்டிக்கடையில் கிளிப்பில் தொங்கவேண்டியது.

மேஜர் ஹார்லனுக்குத் துப்பாக்கி, குதிரை, நண்பன், தழும்பு,
தழும்புக்கு ஒரு முன்கதை.
அவளுக்கு இடுப்பு.
சோறு எந்த வழியாக இறங்குமென்று
ஒருநாள் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.
கழுத்தைவிட ஒரு நூல் குறைவு.

தொண்ணூற்றாறு பக்கத்தில் அவள் பேசியது பதினொரு சொல்.
நாலு ‘ஆ’, மூன்று ‘காப்பாற்றுங்கள்’,
இரண்டு ‘ஹார்லன்’,
ஒரு ‘நீங்களா’, ஒரு ‘நன்றி’.
‘ஆ’ எழுதுவதில் எனக்கு நல்ல பேர்.
சுழி நடுங்கவேண்டும், ஓரமெல்லாம் முள்ளாக.
கைக்கு அது பழகிப்போனால்
வாய்க்கும் பழகுமோ என்னவோ.

செல்லூர் பஸ்ஸில் எதிர் சீட்டுப் பையன்
புத்தகத்தை விரித்துப் பிடித்து
படத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தான்.
பன்னிரண்டு வயது இருக்கும், மடியில் பள்ளிக்கூடப் பை.
படத்தில் இருப்பது என்னிடம் இல்லை என்றோ
இருக்கிறது என்றோ
பக்கத்தவன் காதில் சொல்லிச் சிரித்தான்.
அந்தப் பாவாடையை வரைந்தவள் நான்.
அதையும் தாண்டிப் பார்க்க
அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள்.
நானாகவும் இருக்கலாம்.

வீட்டில் ஜெசிந்தா
மூச்சை அடக்கிப் பாவாடை நாடாவை இறுக்கிக்கொண்டு
கண்ணாடி முன் நின்றாள்.
இரவில் அவிழ்த்தபோது
இடுப்பைச் சுற்றி ஒரு கோடு.
நான் போடும் கோட்டைவிடக் கறுப்பு.

மறுநாள் கரண்ட் இல்லை.
மெழுகுவர்த்தியில் முப்பத்தேழாம் பக்கம்:
நாற்காலியில் அவள், கயிறு, பறக்கும் தலைமுடி.
மூடிய அறைக்குள் காற்று எங்கிருந்து வந்தது
என்று யாரும் கேட்பதில்லை.
மேஜர் நாலு பலூன் நிறையத் திட்டம் விளக்குகிறார்.
அவளுக்கும் பெரிய பலூன்தான், உள்ளே வழக்கமான ‘ஆ! ஹார்லன்!’
இடம் நிறைய மிச்சமிருந்தது.
எழுதினேன்:
‘கட்டை நானே அவிழ்த்துவிட்டேன்.
கதவு பூட்டியிருக்கவில்லை.
நீங்கள் பேசி முடிக்கக் காத்திருக்கிறேன்.’

மெஷின் பதினோராயிரம் தடவை அதைச் சொன்னது.

டி.கல்லுப்பட்டி வாசகர் எழுதினார்,
வேறு யாருடைய வசனமோ இடம் மாறிவிட்டதென்று.
திருமங்கலத்துக்காரர், கதையின் விறுவிறுப்பு கெட்டதென்று.
துளசிராம் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்,
சம்பளத்தில் பத்து ரூபாய் பிடித்தார்.
அடுத்த இதழில் கட்டம் கட்டிய திருத்தம்:
‘ஆ! ஹார்லன்!’ எனத் திருத்தி வாசிக்கவும்.
அதையும் நான்தான் எழுதினேன்,
சுழி நடுங்காமல்.

பிறகு ஒரு போஸ்ட் கார்டு,
கருமாத்தூர், எட்டாம் வகுப்பு, மு. இருளாயி.
‘அந்த அக்கா கதவைத் தொறந்து போயிட்டாங்களா?
முப்பத்தெட்டாம் பக்கத்தில மறுபடி கட்டியிருக்கே,
யார் கட்டினது?
அவங்க பேர் என்ன?’

பேர் யாரும் வைக்கவில்லை என்று பதில் எழுத
ஒரு கார்டு வாங்கினேன்.
விலாசம் மட்டும் எழுதினேன்.
அது டிபன்பாக்ஸுக்கு அடியில் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது.

மேசையில் அடுத்த ஃபிலிம்.
இந்த முறை அவளைப் பாறை உச்சியிலிருந்து தள்ளுகிறார்கள்.
விழுகிற பெண்ணுக்கு மூன்று கட்டம்,
மூன்று பலூன்.
கீழே மெஷின்காரர் கூப்பிடுகிறார்,
‘எம்மா, ஆச்சா?’
இன்னும் இல்லை.
யோசிக்கிறேன்,
வேலம்மா, சவரியம்மா, ரோக்கேலி.