அங்க அடையாளம்

அண்ணன் பட்டாளத்துக்குப் போட்ட மனுவை
நான்தான் நிரப்பினேன்.
அவன் விரல்களில் ரப்பர் பால் காய்ந்திருந்தது,
தொட்டால் காகிதம் கூடவே வரும்.

பெயர் யோகராசு. தகப்பன் பெயர் செல்லமுத்து.
பிறந்த இடம் என்ற கோட்டில் பேனா நின்றது.
மஸ்கெலியா என்று எழுதினால்
குளத்துப்புழையில் யாருக்கு விளங்கும்?
"எழுது" என்றான்.
"பொய் சொல்லித்தான் சேரணும்னா
இங்கேயே பால் வெட்டிக்கிட்டுக் கெடக்கேன்."

கொல்லத்து மைதானத்தில் விடியுமுன் ஓடவிட்டார்களாம்.
மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டி
முந்நூறு மரத்தைச் சுற்றி வருகிறவனுக்கு
அது என்ன ஓட்டம்.
நாலாவதாக வந்தான்.
நெஞ்சை அளந்தார்கள், விரியச் சொல்லி மறுபடி அளந்தார்கள்.
டாக்டர் குனிந்து கெண்டைக்காலைப் பார்த்து,
இதென்ன, அம்மைத் தழும்பா?
"அட்டை கடிச்சது சார்.
தேயிலைத் தோட்டத்து அட்டை. பதினோரு வயசு வரைக்கும்."
டாக்டர் அங்க அடையாளத்தில் எழுதினார்:
வலது காலில் பழைய வடுக்கள்.

மேசையில் இருந்த ஹவில்தார் மட்டும்
காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான்.
"நீ சிலோன்காரனாணோ?"
"இந்தியா சார்."
"ஜனிச்சது?"
"அங்க."
அப்படியென்றால் டெல்லியிலிருந்து தகுதிச் சான்று.
அதற்கு முன் குடும்ப அட்டை.
கடித்த அட்டை காலிலேயே இருந்தது,
காட்ட வேண்டிய அட்டையைத் தேடி
டிரங்குப் பெட்டியை லயத்து வாசலில் கவிழ்த்தோம்.
மண்டபம் முகாமில் கொடுத்தது.
கறையான் அம்மாவின் பெயரைத் தின்றிருந்தது.
அவள் செத்து நாலு வருஷம் ஆகியிருந்ததால்
யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வில்லேஜ் ஆபீசர் கேட்டார்,
நிங்ஙள் இவிடெ ஸ்திரம் தாமசமாணோ?
ஸ்திரம் என்ற சொல்லை அப்பா வாயில் போட்டு மென்றார்.
"குழி வெட்டுன அன்னைக்கு வந்தோம் சார்.
நாங்க நட்ட மரம் இப்ப பால் குடுக்குது."
ஆபீசர் சிரித்தார். முத்திரையும் குத்தினார்.
பத்தனாபுரம் தாலுக்கா ஆபீசுக்கு ஆறு தடவை,
ஆரியங்காவு வரை ஒரு தடவை வீணாக.
அங்கே சிங்களப் பையன்கள் எங்களை
இந்தியாவுக்குப் போ என்றார்கள்.
இங்கே பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தரும்போது
சிலோன் என்றுதான் கூப்பிட்டான்,
அதில் கெட்ட எண்ணம் இல்லை.

சான்று மாசியில் வந்தது.
அண்ணனுக்கு இருபத்தொன்று முடியப் பதினாறு நாள்.

வெலிங்டனிலிருந்து முதல் கடிதம்:
முகாம் சுவருக்கு அந்தப்பக்கம் தேயிலை.
தப்பித்து வந்தோம் என்று பார்த்தால்
அது எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.
பரேடில் கண்ணைத் திருப்பக் கூடாது.
மூக்கைத் திருப்பினால் சுபேதாருக்குத் தெரியாது.

ஆடி கழிந்து வந்த கடிதம் சின்னது.
எங்கே போகிறோம் என்று எழுத அனுமதி இல்லை,
ஆனால் அப்பாவிடம் சொல்,
நாம் வந்த அதே தண்ணீர்தான்.

அப்பா பால் வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.
பாதியில் கை நின்றது.
"அட்டை, பாஸ்போட்டு எதும் கேட்டாங்களாமா?"
கடிதத்தை மறுபடி பார்த்தேன்.
"ஒண்ணும் கேட்கலையாம்பா.
துப்பாக்கியோட நம்பரைத்தான் சரிபார்த்தாங்களாம்."

வாளியைக் கவிழ்த்துவைத்தார்.
மஸ்கெலியாப் பக்கம் போவானா,
நம்ம லயத்துக்குப் பின்னாடி வச்ச கொய்யா
இருக்கான்னு பார்க்கச் சொல்லி எழுது.

வடக்கேதான் சண்டை அப்பா,
யாழ்ப்பாணத்துப் பக்கம். மலைக்கெல்லாம் போக மாட்டாங்க.

யாழ்ப்பாணம் அவர் பார்த்ததில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
"அப்ப அது வேற ஊரு" என்றார்.