சாட்சிக் கையெழுத்து

மலை என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான்.
கேப்பர் மலைக்கு உச்சி கிடையாது.
செம்மண், கூழாங்கல், மழை கிழித்த ஓடை,
ஓடைக்குள் ஓடை, மேலே முந்திரி.
ஆனால் ஓர் ஆள் குந்தினால்
பத்தடி தள்ளி நிற்கும் போலீசுக்குத் தெரியாது.
அந்த அளவுக்கு அது மலைதான்.

ஏழு பேர் இருந்தோம்.
இருசப்பன் தலைவன்.
மூத்தவன் என்பதால் இல்லை,
இருட்டில் வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.
கெடிலம் தாண்டி, பெண்ணையாற்று மணலில்
செருப்பைக் கையில் பிடித்து நடந்து
பாகூர்ப் பக்கம் கரையேறினால் பிரெஞ்சுக்காரன் சீமை.
பிராந்தி அங்கே கடையில் இருந்தது,
இங்கே சட்டத்தில்.
ஒரு சுமைக்கு ஒன்பது புட்டி.
ஒன்றோடொன்று பேசிவிடாதபடி
வைக்கோல் சுற்றுவோம்.

ஒரு நாள் கதர் ஜிப்பாக்காரர் ஒருவர்
ஓடைக்குள் இறங்கி வந்தார், முழங்கால் வரை சிவப்பு.
"தேசம், தம்பிகளா" என்றார்.
"கூலி எவ்வளவு" என்றான் இருசப்பன்.
அவர் அழுதுவிட்டார்.
எங்களிடம் வந்து யாரும் அதற்கு முன் அழுததில்லை.
சரி என்றோம்.
போகும்போது நோட்டீஸ், திரும்பும்போது பிராந்தி.
இதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கரையில் அண்ணன் தம்பிக்குள் சண்டை.
சேரவேண்டும் என்றவன் கூரையில்
வேண்டாம் என்றவன் நெருப்பு வைத்தான்.
மறுவாரம் பதில், அதற்கொரு பதில்.
ஒரு முறை வீடு மாற்றிக் கொளுத்தினோம்.
ஆள் யாரும் இல்லை. கட்டியிருந்த கன்று ஒன்று.
அந்தச் சத்தத்தை
மனுவில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பங்குனியில் சாவடிக்குள் புகுந்தோம்.
மூன்று சிப்பாய், இரண்டு துப்பாக்கி.
எங்களுடையது ஒன்றே ஒன்று, நாட்டுத் துப்பாக்கி,
அன்றைக்கு என் கையில்.
லாந்தர் வெளிச்சத்தில் ஒரு சிவப்புத் தொப்பி,
தொப்பிக்குக் கீழே அந்துவான்,
ஆற்று மணலில் என்னோடு வெள்ளரி திருடியவன்.
"கலியா, நீயா?"
அவன் கேட்டு முடிப்பதற்குள்
விரல் தன் வேலையைச் செய்துவிட்டது.
முழங்கால்.

ஐப்பசியில் கொடி மாறிற்று.
மிட்டாய் கொடுத்தார்களாம், எங்கள் பக்கம் எட்டவில்லை.
தையில் மதுவிலக்குப் போலீஸ் மலையேறியது.
இருசப்பன் ஓடினான்.
நூறு தடவை இருட்டில் தாண்டிய ஓடையில்
விழுந்து கழுத்து முறிந்தான்.
அப்போது பட்டப்பகல்.

எங்களை அடைத்த ஜெயிலும் அதே மலைதான்.
கம்பிக்கு வெளியே எங்கள் முந்திரி
பூத்தது, காய்த்தது,
கொட்டையை வேறு யாரோ பொறுக்கினார்கள்.

இப்போது தியாகி பென்ஷன் மனு.
"உங்க பேர்ல சாராய கேஸ்தானே இருக்கு" என்றார் குமாஸ்தா.
"சுட்டீங்கன்னா, பார்த்தவங்க யாராவது?"
பஸ் பிடித்தேன்.
பாலத்தின் மேல் ஆறு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அந்துவான் பிரம்பு நாற்காலியில் இருந்தான்.
பாரீசிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது,
காலுக்குத் தனி.
காகிதத்தை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.
"முப்பது வருசத்துக்கப்புறம்
இதுக்காகத்தான் வந்தியா?"
பேனாவைத் தேடி எடுத்தான்.
நீட்டமாக எழுதி, பிரெஞ்சில் கையெழுத்துப் போட்டான்.
என்ன எழுதினாய் என்றேன்.
"நீ நல்லா குறி பாத்தேன்னு.
அது பொய். இருந்தாலும் இருக்கட்டும்."
அவன் மகள் காப்பி கொண்டுவந்தாள்.
யார் என்று அவளிடம் அவன் சொல்லவில்லை.

குமாஸ்தா காகிதத்தைத் தலைகீழாகவும் பார்த்தார்.
"இது என்ன பாஷை?"
மூன்று வருடமாக அது
மொழிபெயர்ப்புக்குப் போயிருக்கிறது.
எங்கே என்று போன வாரம் கேட்டேன்.
"புதுச்சேரிக்கு. வழியில எங்கியோ நிக்குது."
எந்த வழி என்று கேட்க வாயெடுத்தேன்.
ராத்திரி என்றால்
நானே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன்.