எழுத்துக்கு அஞ்சு காசு

செம்பூர். நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை.
ரோலைஃப்ளெக்ஸைத் துணிக்கடைப் பையிலிருந்து எடுத்து
மேசைமேல் வைத்தார் மரகதவல்லி.
செதிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மீன் வாங்காமல் போகிறவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.

வேலையில் நான் நஷ்ட மதிப்பீட்டாளன்.
மழையில் மூழ்கிய கார், பாதி எரிந்த குடோன்,
எதற்கும் ஒரு சதவீதம் சொல்லத் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மன் கேமரா.

டார்ச் அடித்தேன்.
கீழ்லென்ஸின் ஓரத்தில் பூஞ்சை,
ஜூலை மாதத்துச் சுவர் மாதிரி.
பம்பாய்க் கேமரா என்றாலே
டெல்லிக்காரன் பத்து சதவீதம் குறைத்துத்தான் பேச்செடுப்பான்.
ஒரு நொடி ஷட்டர் ஒன்றரை நொடி இழுத்தது.
வரிசை எண் நல்ல எண். தோல் உரியவில்லை.
ஒரு லட்சத்து இருபது என்று மனசுக்குள் எழுதி
மேல்மூடியை வெளிச்சத்தில் சாய்த்தால்

சி. மரகதவல்லி

புள்ளி புள்ளியாக.
எவர்சில்வர் குடத்தில் வெட்டுவார்களே, அதே ஊசி.
'வ'வுக்கு வயிறு சப்பை.
அடியில்: ரூம் 12, கோலிவாடா.

"பேர் வெட்டியிருக்கே. நாற்பதாயிரம் போயிடும்மா."

"எழுத்துக்கு அஞ்சு காசு கொடுத்து வெட்டினேன்.
நீ எழுத்துக்கு அஞ்சாயிரம் பிடிக்கிறே.
புள்ளிக்காவது அவன் காசு வாங்கலை."

விரல்விட்டு எண்ணினேன். எட்டு எழுத்து.
கணக்கு சரிதான்.

"ஏன் வெட்டினீங்க?"

"பின்னே?
நாற்பத்தாறு ரூம், ரெண்டு குழாய், ஒரு கேமரா.
எந்த வீட்டுக் கல்யாணம்னாலும்
அண்டா போகும், ஜமுக்காளம் போகும், இதுவும் போகும்.
பேர் இல்லாத சாமான் திரும்பி வருமா?"

பேர் இருந்தும் அண்டா ஒருதரம் வரவில்லையாம்.
யார் கொண்டுபோனது என்று தெரியுமாம்.
பெயரும் சொன்னார், ஊரும் சொன்னார்.
கேமரா மட்டும் தவறாமல் வந்ததாம்,
சிலசமயம் உறைக்குள் அட்சதையோடு.

எண்பதுக்கு முடிந்தது.
நோட்டுகளை இரண்டுதரம் எண்ணினார்.
கேமராவை ஒருதரம்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.
தொடுவார் என்று நான் காத்திருந்தேன்,
அதுதான் வெட்கம்.

கொலோனிலிருந்து ஒருவன் எழுதுகிறான்.
படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தானாம்.
அந்தப் பொறிப்பு அவன் பட்டியல் எதிலும் இல்லையாம்.
கீழைநாடுகளுக்கென்று ஆலையே செய்த தனிப்பதிப்போ?
பன்னிரண்டு என்பது மட்டும் படிக்க முடிகிறது,
பன்னிரண்டாவது பிரதியா?
அப்படியென்றால் மூன்று மடங்கு தருகிறேன்.
மொத்தம் எத்தனை செய்தார்கள்?

மூன்று நாளாயிற்று.
'ஆம்' என்று தட்டிவிட்டு அழித்தேன்.
'இல்லை' என்று தட்டிவிட்டு
டீ போடப் போனேன்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால்
புள்ளிகளுக்குள் வெள்ளையாக என்னவோ.
குண்டூசியால் நெம்பி முகர்ந்தேன். விபூதி.
பித்தளைச் சாமான்களோடு சேர்த்து
இதையும் தேய்த்திருக்கிறார்.
விபூதிக்கு எத்தனை சதவீதம் கழிப்பது,
எந்தக் கையேட்டிலும் இல்லை.

கடிதத்தில் இதுவரை ஒரே வரி:
அன்புள்ள ஐயா, மொத்தம் நாற்பத்தாறு.
ரூம்.